அப்பா, அம்மா பேரைச் சேர்ப்பதா, வேண்டாமா? (காப்பீட்டுக் கேள்வி பதில்)

ஐப்பசி மழை தொடங்கும்போதே எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடுகின்றன. ஆபீஸில் படிவம் கொடுத்திருக்கிறார்கள், கடைசி தேதி நெருங்குகிறது, என்ன செய்வது என்று கேட்டுத்தான் பாதிக்கு மேல் வருகின்றன. பொதுக் காப்பீட்டுக் கம்பெனியில் 31 வருஷம் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதி கிளெய்ம் மேசையிலேயே கழித்தவள் நான். இப்போது கடலூர் புதுப்பாளையத்தில் வீட்டுத் திண்ணைதான் மேசை.

சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. வருடாந்திர என்ரோல்மென்ட் என்று எச்.ஆர். மெயில் அனுப்பியிருக்கிறார்கள். 7 நாள்தான் போர்ட்டல் திறந்திருக்கும். எனக்கும் மனைவிக்கும் கம்பெனியே கட்டிவிடுகிறது. அப்பாவையும் (64, சுகர் உண்டு) அம்மாவையும் (59) சேர்த்தால் வருஷத்துக்கு 38,000 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்கள். “எனக்கெதுக்குடா இதெல்லாம்” என்கிறார் அப்பா. சேர்க்கட்டுமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

சேருங்கள் தம்பி. அப்பாவிடம் அனுமதி கேட்காதீர்கள், சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறை ஆண்கள் மருத்துவச் செலவு விஷயத்தில் ‘சரி’ என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

காரணம் அவருடைய சுகர்தான். வெளியே தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். கம்பெனிக் குழுப் பாலிசிகளில் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு கிடையாது, சேர்ந்த நாளிலிருந்தே செல்லும். 64 வயது சுகர்காரருக்கு இதைவிடச் சுலபமான வாசல் வேறு இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். தவறவிட்டால் “அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்” என்று எச்.ஆரில் பவ்யமாகச் சொல்வார்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு என்றால் நடுவிலும் சேர்க்க விடுவார்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது என்பது அந்தப் பட்டியலில் வராது.

சரி, மெயிலோடு ஒரு பி.டி.எஃப். வந்திருக்குமே, திறந்தீர்களா? திறந்திருக்க மாட்டீர்கள். 38,000 என்ற எண்ணைப் பார்த்ததும் மூடியிருப்பீர்கள். அதில் ‘ரூம் ரென்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காக என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

மூன்று வருஷம் முன்பு என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல். பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எங்கள் பாலிசி 3 லட்சம், ரூம் வாடகை அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. அட்மிஷன் கவுன்ட்டரில், “3,000 ரூபாய் ரூம் காலியில்லை, 6,000 ரூபாய் ரூம் இருக்கு, ஜன்னல் பக்கம் வேப்பமரம், நல்லா காத்து வரும்” என்றார்கள். ஐந்து நாள், நாளுக்கு 3,000 கூட, போனால் 15,000 போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். நான்! ஆயிரம் பேருக்கு இதே கணக்கை விளக்கிச் சொன்னவள்.

பில் 2 லட்சம் வந்தது. ரூம் 30,000. டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 1,20,000. மருந்து, சாமான் 50,000. தகுதியான வாடகையைப் போல இரண்டு மடங்கில் ரூம் எடுத்ததால் ரூமுக்குப் பாதி, 15,000. அதோடு விட்டார்களா? டாக்டர், தியேட்டர் செலவிலும் அதே விகிதத்தில் பாதிதான், 60,000. மருந்தில் மட்டும் கை வைக்கவில்லை, 50,000. ஆக வந்தது 1,25,000. கையிலிருந்து போனது 75,000. காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கிளெய்ம் பார்க்கும் டி.பி.ஏ.விலிருந்து பேசிய பையன், “மேடம், இதுக்குப் பேரு ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்” என்று எனக்கே பாடம் நடத்தினான். கேட்டுக்கொண்டேன். வேப்பமரம் நன்றாகத்தான் இருந்தது.

அதனால் அந்த பி.டி.எஃப்.பில் ரூம் ரென்ட் உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். பெற்றோருக்கு மட்டும் கோ-பே வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 20 சதவீதம் என்றால் லட்ச ரூபாய் பில்லில் 20,000 உங்கள் பாடு. 5 லட்சம் என்று போட்டிருப்பது நாலு பேருக்கும் சேர்த்தா, அப்பா அம்மாவுக்குத் தனியா என்பதும் அங்கேயே இருக்கும். கண்புரை ஆபரேஷனுக்குத் தனி வரம்பு இருந்தால் அம்மாவுக்காக அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரை அடிக்கும்போது பக்கத்தில் ஆதாரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஒன்று, பாட்டி சொல்லும் தேதி ஒன்று இருக்கும். நீங்கள் பாட்டி தேதியைப் போட்டு வைத்தால், காசு கட்டாமல் சேர்க்கும் கேஷ்லெஸ் கவுன்ட்டரில் ராத்திரி பத்து மணிக்கு “ஆள் வேற மாதிரி காட்டுது சார்” என்பார்கள். இனிஷியல் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஆதாரில் உள்ளபடியே அடியுங்கள்.

ஒரே ஒரு குறை. வேலையை விட்டால் இந்தப் பாலிசியும் போய்விடும். ராஜினாமா கொடுக்க நினைத்தால், கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். குழுப் பாலிசியில் இருந்த காலத்தைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். உங்களுக்கும் மனைவிக்கும் இப்போதே சின்னதாக ஒரு சொந்தப் பாலிசி எடுத்து வையுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லாதபோது எடுத்தால்தான் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள்.

முந்திரி வியாபாரம் செய்கிறேன், வயது 47. ஆறு வருஷமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஏஜென்ட் தெரிந்த பையன். “சுகரை எழுதாதீங்கண்ணே, டெஸ்ட்டு கேப்பாங்க, பிரீமியம் ஏறும். 31-ந் தேதிக்குள்ள போட்டாதான் இந்த ரேட்டு” என்கிறான். போடலாமா?
- வாசகர், பண்ருட்டி

31-ந் தேதி அந்தப் பையனுடைய டார்கெட் தேதி. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆபீஸ் குழுப் பாலிசிக்குத்தான் சேரும் காலம் என்று ஒன்று உண்டு. தனிநபர் பாலிசியை வருஷத்தில் எந்த நாளும் எடுக்கலாம். விலை குறைந்தது என்று அவன் சொன்னால், அது அவன் கொடுத்த தள்ளுபடியும் இல்லை: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. எடுக்கப்பட்டு எல்லோருக்கும் பூஜ்யம்.

சுகரை எழுதுங்கள். மறைத்தால் எப்படித் தெரியப்போகிறது என்று நினைக்கிறீர்களா? சொல்கிறேன். உங்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கூட வந்தவரிடம், “சுகர், பிரஷர் இருக்கா? எத்தனை வருஷமா?” என்பார். உங்கள் மச்சான் பதற்றத்தில், “ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடறாருங்க” என்பார். அது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஏறிவிடும். கிளெய்ம் மேசையில் நான் முதலில் புரட்டியதே அந்தப் பக்கத்தைத்தான். பில்லை அப்புறம்தான் பார்ப்பேன். ஆறு வருஷம் என்று அதிலும், ‘இல்லை’ என்று பாலிசி கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்திலும், அதாவது புரோபோசலிலும், இருந்தால், கிளெய்மும் போச்சு, பாலிசியும் போச்சு.

நான் பார்த்த பல புரோபோசல் படிவங்களில் பதினைந்து கேள்விக்கும் ஒரே பேனாவில், ஒரே வேகத்தில், ‘இல்லை’ என்று டிக் விழுந்திருக்கும். கீழே கையெழுத்து மட்டும் வேறு மை. படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், பொய் சொன்னது நீங்கள் என்று ஆகிவிடும்.

எழுதினால் என்ன ஆகும்? டெஸ்ட் கேட்பார்கள், கொஞ்சம் பிரீமியம் ஏறலாம், சுகர் சம்பந்தப்பட்டதுக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். முன்பு அது 48 மாதம் வரை போனது, 2024 ஏப்ரலிலிருந்து 36 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தொடர்ந்து 60 மாதம் கட்டி முடித்துவிட்டால், அதன் பிறகு ‘நீ அதைச் சொல்லவில்லை, இதைச் சொல்லவில்லை’ என்று கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. தெரிந்தே மறைத்ததை மோசடி என்றுதான் அவர்கள் வாதாடுவார்கள். அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்? பாலிசி கைக்கு வந்ததும் உடன் இருக்கும் புரோபோசல் நகலைப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். மருமகளுக்கு ஜனவரி கடைசியில் பிரசவம், நான் டிசம்பரில் போகிறேன். அங்கேயும் இப்போது ‘ஓப்பன் என்ரோல்மென்ட்’ நடக்கிறதாம். என்னையும் அவன் இன்ஷூரன்ஸில் சேர்க்கச் சொல்லலாமா? எனக்கு பிரஷர் இருக்கிறது.
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

சேர்க்க முடியாதும்மா. அங்கே ஆபீஸ் காப்பீட்டில் மனைவி, 26 வயது வரை பிள்ளைகள், அவ்வளவுதான் வழக்கம். விசிட்டர் விசாவில் போகும் தாயாருக்கு இடமில்லை. நம்மூர்ப் பையன்களின் கம்பெனி மாதிரி அப்பா அம்மாவைக் கேட்டு அங்கே மெயில் வராது. நீங்கள் கிளம்பும் முன்பே பயணிகளுக்கான மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள பிரஷருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எதிர்பாராமல் திடீரென முற்றினால் மட்டும், அதுவும் வரம்போடு, தரும் பாலிசிகள் உண்டு. ஆகவே இருந்துவிட்டு வரும் நாளுக்கெல்லாம் போதுமான மாத்திரையை, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் ஊறுகாயோடு வைக்காதீர்கள்.

மகனிடம் இன்னொன்று சொல்லுங்கள், அவன் யோசித்திருக்க மாட்டான். அங்கே ‘டிடக்டிபிள்’ என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தொகை வரை நம் கைக்காசு, அதற்கு மேல்தான் கம்பெனி கை கொடுக்கும். பெரும்பாலான ஆபீஸ் திட்டங்களில் ஜனவரி 1 அன்று அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மருமகளின் செக்கப், ஸ்கேன் எல்லாம் இந்த வருஷக் கணக்கில் போயிருக்கும். பிரசவம் புது வருஷக் கணக்கு. மாதா மாதம் குறைவாகப் பிடிக்கிறார்களே என்று பெரிய டிடக்டிபிள் உள்ள திட்டத்தை டிக் செய்தால், ஜனவரியில் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். ஜனவரியில் பிரசவம் என்று தெரிந்தே திட்டம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. இரண்டு திட்டத்தையும் ஒரு தாளில் எழுதி, வருஷத்துக்குப் பிடிப்பது எவ்வளவு, அதிகபட்சம் கையிலிருந்து போவது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தை பிறந்ததும் 30 நாளுக்குள் ஆபீஸில் சொல்லிச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே செல்லும். தூக்கமில்லாத வீட்டில் 30 நாள் சட்டென்று ஓடிவிடும். நீங்கள் அங்கேதானே இருப்பீர்கள், பத்தியக் குழம்பு வைக்கும்போது தினம் ஒரு தடவை கேளுங்கள்.

வங்கியில் ஓய்வு பெற்றவன், வயது 68, மனைவிக்கு 63. ஓய்வூதியர் குழுப் பாலிசி நவம்பர் 1-ல் புதுப்பிக்கப்படும். பிரீமியம் வருஷா வருஷம் ஏறுகிறது. இந்த முறை ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே எடுக்கலாம் என்கிறான் மகன்.
- வாசகர், லாஸ்பேட்டை

வெளிப் பாலிசி கைக்கு வரும் முன் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள் சார். 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி கிடையாது என்ற பழைய தடை 2024-ல் நீங்கியது உண்மை. அதற்காகக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள். டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு மறுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கொடுத்தாலும் காத்திருப்புக் காலம். ஓய்வூதியர் திட்டத்திலிருந்து வெளியேறியவரைத் திரும்பச் சேர்ப்பார்களா என்பதை உங்கள் வங்கியின் இந்த வருஷ சுற்றறிக்கையில் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

கட்டுப்படியாகவில்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. அடிப்படைத் தொகையைக் குறைத்துக்கொண்டு, அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் எடுப்பது. வரம்பு 3 லட்சம் என்று வைத்தால், வருஷத்தில் மொத்த பில் அதைத் தாண்டும் வரை சூப்பர் டாப்-அப் எட்டிப் பார்க்காது, தாண்டியதை அது பார்த்துக்கொள்ளும். அதனாலேயே விலை குறைவு. வெளியே தனிநபர் பாலிசிக்குப் போனால் ஒரு ஆறுதல்: மூத்த குடிமக்களுக்கு ஒரே வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் உங்களுக்கு 70 முடிகிறது. அப்போது வருமானம் பார்க்காமல் மத்திய அரசு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா மருத்துவ அட்டைக்கும் எழுதிப் போடுங்கள், 5 லட்சம் வரை. வேறு தனியார் பாலிசி இருப்பது அதற்குத் தடையில்லை.

சம்மதக் கடிதம் கொடுக்கும்போது நகலில் சீல் வாங்குங்கள். பிரீமியம் எடுக்கும் நாளில் பென்ஷன் கணக்கில் பணம் இருக்கட்டும். தீபாவளிச் செலவில் கணக்கு காலியாகி, டெபிட் திரும்பி, பாலிசி இல்லாமல் நின்றவர் கதை ஒன்று எனக்குத் தெரியும். அவரும் வங்கிக்காரர்தான்.

முந்திரித் தோப்பில் கூலி வேலை. கலைஞர் காப்பீட்டு அட்டை போடக் கடைசி தேதி முடிந்துவிட்டது என்கிறார்கள். நிஜமா?
- வாசகி, குறிஞ்சிப்பாடி

இல்லைம்மா. கலைஞர் பேரில் 2009-ல் தொடங்கிய அந்தத் திட்டம் இப்போது முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடு. அதற்குக் கடைசி தேதி கிடையாது, காசும் கட்ட வேண்டாம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, வீட்டில் எல்லோருடைய ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டருக்குப் போங்கள். போட்டோ எடுப்பார்கள், அதனால் குடும்பத்தோடு போங்கள். இதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை.
- வாசகர், நெல்லிக்குப்பம்

வக்கீல் தேவையில்லை. முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், ஆம்பட்ஸ்மன், அவருக்கு எழுதுங்கள். கடலூருக்கும் பாண்டிக்கும் அவர்தான். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். மறுத்த கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பாலிசி புதுப்பிக்கும் தேதி போய் 12 நாள் ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுவது. மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில் பேப்பரும் போச்சு, ஞாபகமும் போச்சு. நடுவில் 9-ம் நாள் அம்மாவைக் காய்ச்சலுக்கு ஒரு நாள் சேர்த்தோம், 6,400 ரூபாய். கட்டிவிட்டுக் கிளெய்ம் கேட்கலாமா?
- பெயர் வேண்டாம், பாகூர்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரை ஏறிய பிறகு இப்படி ஈரப் பேப்பரோடு எத்தனை பேர் என் திண்ணைக்கு வந்தார்கள்! பேப்பர் போனால் போகட்டும். போன வருஷம் பணம் கட்டியபோது வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் பாலிசி நம்பர் இருக்கும், அது போதும்.

உங்களுக்கு 30 நாள் சலுகை உண்டு, இன்னும் 18 நாள் பாக்கி. அதற்குள் கட்டினால் பழைய பாலிசியின் தொடர்ச்சி அறுபடாது, காத்திருப்புக் காலமும் முதலிலிருந்து தொடங்காது. ஆனால் வருஷப் பிரீமியம் கட்டுபவருக்கு, தேதி போன நாளுக்கும் கட்டும் நாளுக்கும் நடுவில் வந்த நோய்க்குக் காசு கிடைக்காது. தவணையில் கட்டியிருந்தால் அந்த நாட்களும் கணக்கில் வந்திருக்கும். 6,400-ஐ மறந்துவிடுங்கள். 18 நாள் இருக்கிறதே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அம்மாவுக்கு இன்னும் உடம்பு முழுசாகத் தேறியிருக்காது. இதைப் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் போனை எடுத்துக் கட்டுங்கள்.